வெயிலை எழுதிய ராத்தா

ராத்தா ஒரு நாளும் குடை பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறியதில்லை. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கொங்கிறீட் தளம் செருப்பைத் தாண்டிச் சுடும். நான் துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டு, கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன். ஒருமுறை தாங்க முடியாமல் குடையை விரித்தேன்.

"மிஸ், அதை மடக்குங்க. நிழல் விழும்."

குடையின் நிழல், வெயிலை அளக்கும் கருவியிலிருந்து ஆறடி தள்ளித்தான் விழுந்திருந்தது. அதைச் சொன்னேன்.

"இண்டைக்கு ஆறடி," என்றார்.

மடக்கிவிட்டேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன். எழுதாமல் விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பாரோ என்றும் நினைக்கிறேன். எங்கள் ஊரில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். சகோதரியாக இல்லாத மூத்த பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால் ராத்தா என்றே இருக்கட்டும்.

கருவி அவருடையதல்ல. அது இரண்டு அரசாங்கங்களுடையது. சூரிய சக்தி ஆராய்ச்சியில் ஒத்துழைப்பதாக எங்கள் அரசாங்கமும் கடல் கடந்த ஒரு நாட்டின் அரசாங்கமும் உடன்படிக்கை செய்திருந்தன. கிழக்குக் கரையில் எந்த இடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று சில வருடங்கள் அளந்து பார்ப்பது அதில் ஒரு பகுதி. கருவிகளை அவர்கள் தந்தார்கள். கூரைகளை நாங்கள் தந்தோம். கல்முனைக்குக் கிடைத்த கருவிக்கு, கடலுக்குக் கிட்டவாக, உயர்ந்த கட்டடம் எதுவும் மறைக்காத ஒரு மொட்டைமாடி தேவைப்பட்டது. ராத்தாவின் மாடி அப்படி இருந்தது. அதற்குமேல் அவரிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

நான் அந்தத் திட்டத்தின் உள்ளூர் உத்தியோகத்தர். பட்டதாரி நியமனத்தில் எனக்குக் கிடைத்த இடம் உகண. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். இந்தத் திட்டத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் எழுதக்கூடிய ஒருவர் வேண்டுமென்று என்னைத் தற்காலிகமாகக் கல்முனையில் இணைத்தார்கள். அப்போது என் மகனுக்கு ஆறு மாதம். கணவர் தோஹாவில். உம்மாவுக்கு முழங்கால் ஏலாது. தவழத் தொடங்கும் பிள்ளையின் பின்னால் ஓட அவரால் முடியாது. புதிய அலுவலகம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை என்பதால், இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். கல்முனையில் அந்தக் கருவி இருக்கும்வரை நானும் கல்முனையில் இருப்பேன் என்று இணைப்புக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கம்பத்தின் மேல், உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதனோடு ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு நாட்டுக் கொடிகளும் ஒட்டப்பட்டிருந்தன. பெட்டி தானாகவே எண்களைச் சேமிக்கும். ஆனால் அதைச் சரிபார்க்க, ஒவ்வொரு பகலும் பன்னிரண்டு மணிக்கு ஒரு மனிதர் ஏறி, குமிழைத் துடைத்து, பெட்டியில் தெரியும் எண்ணைப் பார்த்து, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று கண்ணால் கணித்து, ஒரு படிவத்தில் எழுதவேண்டும். கடைசி நிரல் 'குறிப்பு'. மற்ற ஊர்களில் அந்த நிரல் வெறுமையாகவே வந்தது.

ராத்தா அபாயாவும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏ.எல். வரை படித்தவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கருவியின் வாசிப்பாளராக இருக்கச் சம்மதம் என்ற கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போது அதை முழுதாக, விரல் வைத்து, இரண்டு தரம் வாசித்தார். அப்படி வாசித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். நான்கூட வாசித்திருக்கவில்லை.

"இதில எங்கட அரசாங்கமும் இரிக்கி, அவங்கட அரசாங்கமும் இரிக்கி," என்றார்.

"ஓம் ராத்தா."

"அப்ப நான் ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுக்கன்."

அது ஒரு வழக்கமான படிவம்தான், அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அவர் எதற்கும் அந்த ஒரு காரணத்தைத்தான் சொன்னார். சாய்ந்தமருதில் நடந்த, ஒரு பையனின் கத்னா விருந்துக்கு ஏன் பிந்தி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "ரெண்டு அரசாங்கத்துக்கு வாக்குக் குடுத்திரிக்கன்." அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் பல் காட்டப் போகாமல் இரண்டு மாதம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு திரிந்ததற்கும் அதுதான். அவருடைய கணவர் அரிசி வியாபாரி, பகிடிக்காரர். ஒருமுறை என்னிடம் முறையிட்டார்.

"மிஸ், எனக்கு ஒரு நாளும் நேரத்துக்குச் சோறு இல்ல. வெயிலுக்கு மட்டும் இந்த வீட்டில எல்லாம் நேரத்துக்கு நடக்கிது."

"உங்களோட நான் ஒப்பந்தம் செய்யல்லயே," என்றார் ராத்தா, தையல் மெசினிலிருந்து தலையை எடுக்காமல்.

"அப்ப நிக்காஹ் என்னகா?"

"அது வாப்பா செஞ்ச ஒப்பந்தம்."

பக்கத்து வளவில் ஒரு தென்னை நின்றது. தை மாதத்தில் சூரியன் சாய்ந்தபோது, காலையில் அரை மணித்தியாலம் அதன் ஒரு மட்டையின் நிழல் கம்பத்தைத் தொட்டது. ராத்தா நிழலின் ஓரத்தைச் சோக்கால் கோடு போட்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். உத்தியோகத்தர் வந்தால் நல்லது என்று கூப்பிட்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் மீன் வியாபாரி. கதிரையில் இருந்தபடி கேட்டார்: "ரெண்டு அரசாங்கமும் சேந்து என்ட தென்னைய வெட்டச் சொல்லிச்சோ?"

"தென்னைய இல்ல காக்கா. ஒரு மட்டைய."

"எந்த மட்டை?"

"கிழக்கால, கீழயிருந்து நாலாவது."

அவர் என்னைப் பார்த்தார். நான் அரசாங்கத்தைப் போல நிற்க முயன்றேன். மட்டையை வெட்டினார்கள். அன்றைய குறிப்பில் ராத்தா எழுதினார்: 'தென்னை மட்டை ஒன்று அகற்றப்பட்டது. உரிமையாளர் கோபமில்லை என்றார். கோபம் போலத் தெரிந்தது.'

குமிழைத் துடைக்க ஒரு தனித் துணி அந்த நாட்டிலிருந்து வந்திருந்தது. கடல் உப்பு ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் படிவதால், எங்கள் துணி மற்ற எல்லா ஊர்களுக்கும் முன்னால் தேய்ந்து போனது. புதிதுக்கு எழுதினேன். கொழும்பிலுள்ள அமைச்சு அந்த நாட்டுக்கு எழுதியது. அவர்கள் அனுப்பிய பொதி சுங்கத்தில் நின்றது. விஞ்ஞானக் கருவியா புடைவையா என்று தீர்மானிக்க நான்கு மாதம் எடுத்தார்கள். அந்த நான்கு மாதமும் ராத்தா மருதமுனைத் தறித்துணி ஒன்றைக் கிழித்துத் துவைத்துப் பாவித்தார். ஒவ்வொரு நாளும் குறிப்பில்: 'துடைத்தது உடன்படிக்கைத் துணி அல்ல. என் துணி.' நூற்றுக்கு மேற்பட்ட நாட்கள். அது வீண் கவனத்தை இழுக்குமே என்று எனக்குப் பயம். எழுதத் தேவையில்லை ராத்தா, யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

கேட்டார்கள். அந்த நாட்டு ஆராய்ச்சி நிலையம் துணியின் மாதிரி ஒன்று அனுப்பச் சொன்னது. ராத்தா ஒரு சாண் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, கடித உறையில் போட்டுத் தந்தார். இரண்டு கிழமையில் பதில் வந்தது: துணி நல்லது, தொடர்ந்து பாவிக்கலாம்.

மூத்த மகளின் நிக்காஹ் அந்த வீட்டில்தான் நடந்தது. கூடாரம் கட்ட வந்தவர்களை ராத்தா நான்கு தரம் இறக்கிக் கட்ட வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்த நேரம், பள்ளியில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொன்னது. பெண்கள் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். பெண்ணின் தாயைக் காணவில்லை.

"மாமி எங்க?" என்று மாப்பிள்ளையின் ராத்தா கேட்டார்.

"மேல."

"மேல என்ன?"

யாருக்கும் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் பட்டுச் சேலையோடு, நெற்றி வேர்த்து, படியிறங்கி வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஸலாம் சொன்னார். படிவத்தில்: 'வீட்டில் கல்யாணம். மேகம் எட்டில் மூன்று. கூடாரத்தின் நிழல் விழவில்லை.' அலுவலகத்தில் இதை வாசித்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆனால் அவருடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், மௌத்தான நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மையித்தை அந்த வீட்டில்தான் கிடத்தியிருந்தார்கள். லுஹருக்குப் பிறகு பள்ளியில் ஜனாஸாத் தொழுகை. தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பெண்கள் சுற்றியிருந்து அழுதுகொண்டிருக்கையில், பாங்கு சொன்னது. ராத்தா எழும்பினார். பெண்களுக்கு இடையில் கால் வைக்க இடம் தேடி, மெதுவாகப் படியேறினார். ஒரு பெண் என் காதுக்குள், "கல்லுக் கல்பு," என்றாள். கல் மனசு என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்படி ஒரு ஆளிடம் என் பிள்ளையை ஐந்து நிமிடம் விட்டுப் போகவேண்டி வந்தால் விடுவேனா என்றுகூட யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றையும் பிள்ளையை வைத்துத்தான் யோசிக்கத் தெரியும். மாத முடிவில் படிவம் வந்தபோது அந்த நாளைத் தேடிப் பார்த்தேன். 'கண் தெளிவாக இல்லை. எண்ணை இரண்டு தரம் பார்த்தேன். மேகத்தை மகள் பார்த்துச் சொன்னாள்.'

இப்படிப் பதினான்கு மாதம்.

அதன் பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. அந்த நாட்டு விஞ்ஞானி கொழும்புக்கு எழுதி, கொழும்பு எனக்கு அனுப்பியிருந்தது. கல்முனையில் மனிதர் எழுதும் எண்ணும் பெட்டி பன்னிரண்டு மணிக்குச் சேமிக்கும் எண்ணும் மே மாதத்திலும் செப்டம்பரிலும் ஒத்துப்போகின்றன. பெப்ரவரியில் ஒத்துப்போகவில்லை. நவம்பரில் ஒத்துப்போகவில்லை. மேகங்களை வைத்துப் பார்த்தால், கல்முனையின் பன்னிரண்டு மணி பெப்ரவரியில் கால் மணித்தியாலம் பிந்துகிறது, நவம்பரில் அதே அளவு முந்துகிறது. வேறெந்த நிலையத்திலும் இப்படி இல்லை. திருப்தியான விளக்கம் இல்லாவிட்டால் கல்முனையைத் திட்டத்திலிருந்து நீக்க நேரும். கூட்டுக் குழு அடுத்த மாதம் நேரில் வருகிறது.

நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் அலுவலகச் சுவரிலும், ஊரிலுள்ள எல்லாச் சுவர்களிலும் போல, வருடத்துக்கான தொழுகை நேர அட்டவணை தொங்கியது. லுஹர் நிரலில் விரலை வைத்து இறக்கினேன். பெப்ரவரியில் பன்னிரண்டு கால். நவம்பரில் பன்னிரண்டுக்குக் கால். சூரியன் உச்சி சாய்வதைப் பார்த்துத்தானே லுஹர் வருகிறது. அது மணிக்கூட்டைப் பார்த்து வருவதில்லை. ராத்தா பதினான்கு மாதமும் பாங்குக்குத்தான் எடுத்திருக்கிறார்.

ஏன் பாங்குக்கு எடுத்தார் என்பது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. பயிற்சி நாளன்று மகன் என் தோளில் கிடந்து வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். ராத்தா கேட்டார்: "சரியாப் பன்னிரண்டு மணிக்கா மிஸ்? மணிக்கூடு முன்னப்பின்ன ஓடினா?" எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. "லுஹர் பாங்குக்கு எடுங்க ராத்தா. ரெண்டும் ஒண்டுதான். மறக்கவும் மாட்டீங்க," என்றேன்.

ரெண்டும் ஒண்டுதான். நான் பௌதிகவியலில் விசேட பட்டம் பெற்றவள்.

விளக்கப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு பெட்டி இருந்தது. நான்கு தரம் எழுதி அழித்தேன். கடைசியில் எழுதியது: 'நேரம் பற்றிய அறிவுறுத்தலை வாசிப்பாளர் தவறாக விளங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குப் பதிலாக லுஹர் பாங்குக்கு எடுத்தமை.' வாசித்துப் பார்க்க நன்றாக இருந்தது. அறிவுறுத்தலைக் கொடுத்தது யார் என்பதற்கு அந்த வசனத்தில் இடமே வரவில்லை. நிலையத்தை நீக்கமாட்டார்கள், ஒரு சாதாரண விளக்கக் குறைவு. உத்தியோகத்தரே பிழையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதினால், உத்தியோகத்தர் உகணைக்கு. மகன் அப்போதும் பால் மறக்கவில்லை. இதையெல்லாம் நான் காரணமாகச் சொல்லவில்லை. அன்று இப்படித்தான் யோசித்தேன் என்று சொல்கிறேன்.

படிவத்தில் வாசிப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். பின்னேரம் கொண்டுபோனேன். மகனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ராத்தா கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து வாசித்தார். விரல் அந்த வரியில் நின்றது.

"வாசிப்பாளர் எண்டா நான்தானே?"

"ஓம் ராத்தா."

"பாங்குக்கு எடுக்கிறது பிழையா?"

"பன்னிரண்டுக்குத்தான் எடுக்கணுமாம்."

"ஆ." படிவத்தின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இது போகாட்டி என்ன நடக்கும்?"

"கருவியக் கழட்டிருவாங்க. என்னை உகணைக்கு மாத்துவாங்க."

மகன் அவருடைய நாடாவைப் பிடித்து இழுத்தான், தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் அளவு நாடா. ராத்தா அதை விடுவித்துக்கொள்ளவில்லை. பேனையை எடுத்து, வழக்கமான அச்சு எழுத்தில் பெயரை எழுதி, கையெழுத்து வைத்து, என்னிடம் தந்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கூட்டுக் குழு மூன்று பேர். அந்த நாட்டு விஞ்ஞானி, நெடிய, மூக்குச் சிவந்த ஒரு பெண். கொழும்பு அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி. அவருடைய உதவியாளர். மொழிபெயர்ப்பதற்கு நான். மொட்டைமாடியில் எல்லோரும் வெயிலில் நின்றோம். அதிகாரி குடையை விரிக்கப் போனார். ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்கினார்.

விஞ்ஞானி நல்ல உற்சாகத்தில் இருந்தார். கல்முனையின் எண்கள் உண்மையான உச்சிப் பொழுதை நிமிடத்துக்கு நிமிடம் பின்தொடர்கின்றன என்றும், முதலில் ஏதோ வானியல் கருவி வைத்துச் செய்கிறார்கள் என்றே நினைத்ததாகவும் சொன்னார். பாங்கு நேரம் அட்டவணையில் இருப்பதால், அதைக் கொண்டு எல்லா நாட்களையும் பெட்டியின் எண்களோடு பொருத்திவிடலாம். ஒன்றும் வீணாகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சரியாகப் பாங்கு நேரத்துக்கே எடுக்கப்பட்டதா என்று தெரியவேண்டும்.

"இல்ல," என்றார் ராத்தா. "சில நாள் கரண்ட் இல்லாம ஸ்பீக்கர் வேல செய்யல்ல. சில நாள் மோதினார் பாங்கு சொல்லப் பிந்திட்டார். அப்ப அட்டவணையப் பாத்து எடுத்தன். எந்தெந்த நாள் எண்டு குறிப்பில இரிக்கி."

மொழிபெயர்த்தேன். விஞ்ஞானி கொப்பியில் எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, ஆவலாக, ஒரு கேள்வி கேட்டார். பாங்குக்கு எடுக்கும் யோசனை யாருடையது?

அந்தக் கேள்வியை நான்தான் தமிழில் கேட்கவேண்டும்.

"ராத்தா, அவங்க கேக்கிறாங்க... பாங்குக்கு எடுக்கச் சொன்னது யார் எண்டு."

ராத்தா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாய் திறந்திருப்பேன். மேகத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார், எட்டில் எத்தனை என்று.

"விளக்கப் படிவத்தில இரிக்கிதானே," என்றார். "அதில இரிக்கிறது என்ட கையெழுத்துத்தான்."

படிவத்தில் இருப்பது தன்னுடைய கையெழுத்து என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

நிலையம் தப்பியது. ஆனால் அறிவுறுத்தலை விளங்கிக்கொள்ளவில்லை என்று தானே ஒப்புக்கொண்ட ஒருவரை வாசிப்பாளராக வைத்திருக்க உடன்படிக்கையின் விதிகளில் இடமில்லை என்று அதிகாரி சொன்னார். கருவியை மூன்று வீடு தள்ளி ஓர் ஆசிரியரின் மொட்டைமாடிக்கு மாற்றினோம். கழற்றிய அன்று ராத்தா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பம் நின்ற இடத்தில் நான்கு ஆணித் துளைகள். அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கும் என்று கணவர் சீமெந்து குழைத்து வைத்திருந்தார்.

"புது ஆளுக்குப் பன்னிரண்டு மணி எண்டு சொல்லிட்டீங்களா மிஸ்?"

"சொன்னன் ராத்தா."

"எழுதிக் குடுங்க," என்றார். அவ்வளவுதான் அவர் என்னைச் சொன்னது, அன்றும் என்றும்.

எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த பிறகு எனக்கு உணவு இறங்கவில்லை. பாலும் குறைந்தது, மகன் கத்தினான், உம்மா கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு இரண்டு பக்கத்துக்கும், அதாவது கொழும்புக்கும் அந்த நாட்டு நிலையத்துக்கும், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினேன். பிழையாகச் சொல்லிக்கொடுத்தது நான். அனுப்பலாமா, கணவரிடம் கேட்கலாமா, பிள்ளையை நினைத்தாயா என்று என்னையே மூன்று நாள் கேட்டுவிட்டு அனுப்பினேன்.

அந்த நாட்டு விஞ்ஞானி நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினார். கொழும்பிலிருந்து நீளமான பதில் வந்தது. வாசிப்பாளர் கையெழுத்திட்ட கூற்று கோப்பில் உள்ளது. அதை மாற்றுவதானால், அந்தக் கூற்று உண்மையல்ல என்று தெரிந்துகொண்டே கையெழுத்திட்டதாக வாசிப்பாளர் எழுத்தில் தரவேண்டும். அப்படித் தந்தால், அவர் இந்தத் திட்டத்தில் மீண்டும் எந்தப் பணிக்கும் எடுக்கப்படமாட்டார்.

ராத்தா தரவேண்டிய அந்தக் கடிதத்தை நானே தட்டெழுத வேண்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை மகனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

ராத்தா வாசித்தார். "ரெண்டு அரசாங்கத்துக்கும் நான் பொய்க் கையெழுத்து வச்சன் எண்டு எழுதியிரிக்கீங்க."

"உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேணாம் ராத்தா. கோப்பை அப்படியே விட்டிரலாம்."

"விருப்பத்தில என்ன இரிக்கி? நடந்ததுதானே." விரல் கீழே இறங்கியது. நின்றது. "இது பிழை."

"எது ராத்தா?"

"காலையில எண்டு போட்டிரிக்கி. நீங்க வந்தது பின்னேரம். அசர் தொழுதிட்டு இரிந்தன்."

'காலை' என்பதை ஒரே கோட்டால் வெட்டி, மேலே 'பின்னேரம்' என்று எழுதி, பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்து வைத்தார். பிறகு கீழே பெரிதாக வைத்தார். அவருடைய பெயர் திட்டத்தின் பட்டியலிலிருந்து அந்த மாதமே நீக்கப்பட்டது.

எனக்கு இடமாற்றக் கடிதம் மூன்று கிழமையில் வந்தது. உகண. காலை ஆறே காலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். மகனுக்கு அப்போது இரண்டு வயதாகவில்லை, ஓடத் தொடங்கியிருந்தான், திறந்த கதவு எதைக் கண்டாலும் கடல் பக்கம்தான் ஓடுவான். உம்மா தெரிந்த ஆட்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் வாடகை வீட்டுக்கு மாறுகிறார், ஒருவருக்கு மகள் பேறுக்கு வந்திருக்கிறாள். முதல் நாள் வேலைக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் ராத்தா எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். புள்ளைய எங்க விடப் போறீங்க என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். "இஞ்ச விடுங்க," என்றார். அவரிடம் கேட்கும் முகம் எனக்கு இருக்கவில்லை. அவர் அந்த முகத்துக்காகக் காத்திருக்கவுமில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளையும் பையுமாக வாசலில் நின்றேன். பையில் மூன்று சோடி உடுப்பு, காய்ச்சல் மருந்து, அது கொடுக்கும் அளவு, என் நம்பர், உம்மாவின் நம்பர், மகன் இரவில் எத்தனை தரம் எழும்பினான் என்ற விபரம். ராத்தா எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"எத்தின மணிக்கு வருவீங்க?"

"அஞ்சுக்கு வந்திருவன் ராத்தா. அஞ்சரை ஆகலாம்." சொல்லும்போதே உகண பஸ்ஸை நினைத்தேன், அம்பாறையில் அது எப்போது வரும், வராதா, வந்தாலும் இடம் இருக்குமா. ராத்தா என் முகத்தைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார்.

"எனக்குத் தெரியா ராத்தா," என்றேன்.

"அது சரி," என்று சொல்லி, பிள்ளையை வாங்கிக்கொண்டார்.